குளக்கட்டில் ஒரு பாட்டு: பழந்தமிழ் வாசிப்பும் சும்மா இருத்தலும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையின் வடக்கே வன்னியில், வவுனிக்குளத்துக்குக் கிட்ட உள்ள எங்கள் ஊரில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரங்களில் சிலர் குளக்கட்டில் கூடிப் பழந்தமிழ்ப் பாட்டு வாசிக்கிறோம். ஒரு நாளைக்கு ஒரு பாட்டுத்தான். வாசித்து, பொருள் சொல்லி, பிறகு கொஞ்ச நேரம் ஒன்றும் கதைக்காமல் இருந்துவிட்டு எழும்பிப் போவோம். வந்து போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளை இங்கே எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. கூட இருப்பவர்கள் வேறு மாதிரி நினைக்கிற இடங்களில் அதையும் சொல்லியிருக்கிறேன்.

பழைய இலக்கியம் வாசிக்க ஆசை. எந்த நூலில் தொடங்கலாம்?

குறுந்தொகையில் தொடங்குங்கள். மொத்தம் 401 பாட்டு. அநேகமாக எல்லாமே நாலு அடியிலிருந்து எட்டு அடிக்குள் முடிந்துவிடும். ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரத்தில் ஒரு பாட்டை மூன்று தரம் வாசித்துவிடலாம். கம்பராமாயணத்தில் தொடங்கியவர்கள் பலரை எனக்குத் தெரியும். பத்தாயிரத்துக்கு மேற்பட்ட பாடல் கொண்ட நூல் அது. பாலகாண்டத்தின் ஆற்றுப்படலம் தாண்டுமுன் வயல் வேலை வந்துவிடும், புத்தகம் அலுமாரிக்குள் போய்விடும். கம்பனை விடச் சொல்லவில்லை, அவரைப் பிறகு பார்க்கலாம்.

குறுந்தொகையிலும் முதல் பாட்டிலிருந்து வரிசையாகப் போக வேண்டாம். 138ஆம் பாட்டை எடுங்கள். 'கொன்னூர் துஞ்சினும் யாம்துஞ் சலமே' என்று தொடங்கும். பெரிய ஊரே தூங்கினாலும் நாங்கள் தூங்கவில்லை என்கிறாள் தோழி. ஏன் தூங்கவில்லை? வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு நொச்சி மரம். மயிலின் கால் போன்ற இலை, நீலமணி போன்ற பூ. அந்தப் பூ உதிர்ந்து விழும் சத்தத்தை இரவு முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தோம் என்கிறாள். வருவேன் என்றவன் வரவில்லை. அதைக்கூட அவள் நேரே சொல்லவில்லை. பூ விழுகிற சத்தம் கேட்டது என்று மட்டும் சொல்கிறாள்.

இந்தப் பாட்டை முதலில் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. நொச்சி எங்கள் வேலிகளில் நிற்கிற செடி. காய்ச்சல், தலையிடி என்றால் அதன் இலையைப் போட்டுத்தான் ஆவி பிடிக்கிறோம். மயிலோ நெல்லுச் சூடு அடித்த களத்தில் தினமும் வந்து நிற்கிறது. ஒரு நொச்சிக் கொப்பை முறித்து, ஈர மண்ணில் பதிந்த மயிலின் காலடிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். பாட்டை எழுதியவர் கொல்லன் அழிசி. அவர் கண்ணால் பார்த்துத்தான் எழுதியிருக்கிறார் என்பது உடனே விளங்கும்.

பழைய தமிழ் விளங்கவில்லையே. உரை இல்லாமல் எப்படி வாசிப்பது?

உரையோடு வாசியுங்கள். அதில் ஒரு குறையும் இல்லை. குறுந்தொகைக்கு உ. வே. சாமிநாதையர் எழுதிய உரை 1937இல் வந்தது. இன்றைக்கும் அதைவிட நல்ல துணை எனக்குக் கிடைக்கவில்லை. ஆனால் உரையைத் திறக்கமுன் பாட்டைச் சத்தமாக மூன்று தரம் வாசித்துவிடுங்கள். கண்ணுக்கு விளங்காத சில சொற்கள் காதுக்கு விளங்கும்.

இதை நான் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. எங்கள் கோவில்களில் கந்தபுராணப் படிப்பு நடந்த முறையே இதுதான். ஒருவர் பாட்டை இராகத்தோடு வாசிப்பார். இன்னொருவர் பயன் சொல்லுவார், அதாவது அதன் பொருளை எடுத்து விரித்துச் சொல்லுவார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் பாதிப் பேருக்கு எழுத வாசிக்கத் தெரிந்திருக்காது. ஆனாலும் சூரபன்மன் கதையைப் பாட்டோடு சேர்த்து நினைவில் வைத்திருந்தார்கள். மார்கழியில் பிள்ளையார் கதைப் படிப்பும், திருவெம்பாவைக் காலத்தில் திருவாதவூரடிகள் புராணப் படிப்பும் அப்படித்தான். எனது அம்மம்மா ஒரு கையெழுத்தைத் தவிர வேறொன்றும் எழுதத் தெரியாதவர். பிள்ளையார் கதையில் எந்த இடத்திலிருந்து எடுத்துக் கொடுத்தாலும் அடுத்த அடியைச் சொல்லுவார்.

குளக்கட்டிலும் நாங்கள் அதையே செய்கிறோம். ஒருவர் வாசிக்கிறார், இன்னொருவர் பயன் சொல்கிறார். பயன் சொல்பவர் முதல் நாள் இரவு உரையைப் பார்த்துவிட்டு வருவார். பிழையாகச் சொன்னால் அடுத்த கிழமை திருத்திக்கொள்வார்.

இன்னொன்று. நீங்கள் நினைப்பதைவிடக் கூடுதலான சொற்கள் உங்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. ஆம்பல், மரை, வரகு, யாமம், கொட்டில் எல்லாம் வன்னிக்காரர் அகராதி பார்க்கத் தேவையில்லாத சொற்கள். வெளியூரில் இருப்பவர் 'மரை' என்ற சொல்லுக்கு அடிக்குறிப்பைத் தேடுவார். எங்கள் ஆட்கள் அது எந்தக் குளத்துக்குத் தண்ணி குடிக்க வரும் என்று சொல்லுவார்கள்.

வன்னியில் இருந்து வாசிப்பதில் அப்படி என்ன விசேஷம்?

எனக்கு இந்தக் கேள்விதான் மிகவும் பிடித்தது. சுருக்கமாகச் சொல்ல முடியாது.

சங்கப் பாட்டில் நிலம் ஒரு பின்னணிப் படம் போல நிற்பதில்லை. மனசைச் சொல்வதற்கு நிலத்தைத்தான் சொல்கிறார்கள். காடும் காடு சார்ந்த இடமும் முல்லை. அதன் காலம் கார்காலம், பொழுது மாலை, உணர்வு காத்திருத்தல். போனவன் மழைக்கு முன் வருவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பான். மழை வந்துவிடும், முல்லை பூத்துவிடும், அவன் வந்திருக்க மாட்டான். இப்போது எங்கள் இடத்தைப் பாருங்கள். காடு, மேய்ச்சல் மாடு, வரகும் சாமையும் குரக்கனும் விதைத்த சேனைகள், மாலையில் பட்டிக்குத் திரும்பும் மாட்டின் மணிச்சத்தம். ஒரு மாவட்டத்துக்கு முல்லை என்றே பெயர். காத்திருத்தலைப் பற்றி இங்கே யாருக்கும் புதிதாகச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை.

ஆனால் ஒன்றைக் கவனித்தோம். தொல்காப்பிய உரைகள் கார்காலத்தை ஆவணி, புரட்டாசி என்கின்றன. எங்களுக்கு அப்போது நிலம் வெடித்துக் கிடக்கும். புரட்டாசியில் புழுதி விதைப்புச் செய்துவிட்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். பெரிய மழை ஐப்பசியில்தான் வரும். அதாவது பாட்டில் வரும் பெண்ணைவிட நாங்கள் இன்னும் ஒரு மாதமாவது கூடக் காத்திருக்கிறோம். குறுந்தொகை 66இல் இதைப்பற்றி ஒரு பாட்டு இருக்கிறது. காலம் தப்பிப் பெய்த மழையைக் கார்காலம் என்று நம்பிக் கொன்றை பூத்துவிட்டது, அது அறிவில்லாத மரம், நீ கலங்காதே என்று தோழி ஆறுதல் சொல்கிறாள். ஒரு கமக்கார ஐயா உடனே கேட்டார்: 'எங்கட கொன்றை வெயில் காலத்தில எல்லோ பூக்குது?' அந்தக் கேள்விக்கு எங்களிடம் இன்னும் பதில் இல்லை. இரண்டு வருடமாக ஊர்க் கொன்றைகள் பூக்கும் நாளைக் கொப்பியில் குறித்து வருகிறோம். ஒரு பாட்டு ஒரு ஊரை இப்படிப் பார்க்க வைத்தால் அதுவே எனக்குப் போதும்.

மழை என்றதும் 131ஆம் பாட்டு ஞாபகம் வருகிறது. பிரிந்திருக்கும் ஒருவன் தன் மனத்தின் அவசரத்துக்கு ஒரு உவமை தேடுகிறான். ஈரம் பட்டுப் பதமாக இருக்கிற நிலம், ஆனால் அவனிடம் இருப்பது ஒரே ஒரு ஏர். 'ஓரேர் உழவன்' என்கிறான். முதல் மழை பெய்து மண் பதத்துக்கு வந்திருக்கும், ஊரில் இருக்கிற இரண்டு மூன்று உழவு மெசினுக்கும் ஆட்கள் வரிசையில் நிற்பார்கள், உங்கள் முறை வருமுன் ஈரம் காய்ந்துவிடும் என்ற பதைப்பு வரும். அதை அனுபவித்தவருக்கு இந்த உவமைக்கு உரை வேண்டியதில்லை.

குளங்களைச் சொல்லாமல் விட முடியாது. இரணைமடு, முத்தையன்கட்டு, தண்ணிமுறிப்பு, அக்கராயன், வவுனிக்குளம், கட்டுக்கரை என்று தண்ணீரைக் கட்டி வைத்து வாழ்கிற நாடு இது. புறநானூற்றின் 18ஆம் பாட்டைக் குளக்கட்டில் இருந்தே வாசிக்க வேண்டும். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியனுக்குக் குடபுலவியனார் சொன்னது. 'உண்டி கொடுத்தோர் உயிர்கொடுத் தோரே' என்ற அடி எல்லாருக்கும் தெரியும். அதற்குப் பிறகு வருவதுதான் எங்களுக்கு உரியது. உணவு என்பது நிலமும் நீரும் சேர்ந்தது, அந்த இரண்டையும் சேர்த்தவர் உடம்பையும் உயிரையும் படைத்தவர், ஆகவே பள்ளமான இடமெல்லாம் பார்த்து நீரைத் தடுத்து வை என்கிறார். பெரிய போரில் வென்ற அரசனிடம் போய் ஒரு புலவர் குளம் கட்டச் சொல்கிறார். குளக்கட்டில் இருந்து, தண்ணீர் திறந்துவிடும் துருசையும் வாய்க்காலையும் பார்த்துக்கொண்டு அதைக் கேட்டபோது எங்களில் ஒருவரும் சில நிமிடம் வாய் திறக்கவில்லை.

வாசித்த பிறகு சும்மா இருப்பது என்கிறீர்களே, அது தியானமா?

தியானம் தெரிந்தவர்கள் செய்யட்டும். நாங்கள் அப்படிப் பெயர் வைக்கவில்லை. மூச்சை எண்ணுவதில்லை, கண்ணை மூடுவதும் இல்லை. பாட்டில் ஒரு சொல்லையோ ஒரு காட்சியையோ மனத்தில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருப்போம். மனம் அங்கேயும் இங்கேயும் ஓடும். கடன், பிள்ளையின் பரீட்சை, மாட்டுக்கு வந்த வருத்தம் எல்லாம் வரும். வந்தால் மறுபடி அந்தச் சொல்லுக்குத் திரும்புவோம்.

எளிதாகத் தோன்றும், எளிதில்லை. தாயுமானவர் இதைப் பாடியிருக்கிறார். மதயானையை வசமாக நடத்தலாம், கரடியினதும் புலியினதும் வாயைக் கட்டலாம், சிங்கத்தின் முதுகில் ஏறலாம் என்று அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் 'சிந்தையை அடக்கியே சும்மா இருக்கின்ற திறமரிது' என்கிறார். யானையும் கரடியும் இருக்கிற காட்டின் ஓரத்தில் வாழ்கிறவர்களுக்கு அந்த அடுக்கு வெறும் அலங்காரமாகக் கேட்காது. யானையை விரட்ட வெடி போட்டுப் பழகிய ஒரு தம்பி, அரை மணி நேரம் பேசாமல் இருப்பது அதைவிடக் கஷ்டம் என்று முதல் நாளே சொன்னான். யாழ்ப்பாணத்து யோகர் சுவாமியும் தன்னைத் தேடி வந்தவர்களுக்கு 'சும்மா இரு' என்பதைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்.

எனக்கு இதில் வழிகாட்டி அந்த நொச்சிப் பாட்டுத்தான். பூ விழும் சத்தம் கேட்கிற அளவுக்கு ஒருத்தி விழித்திருந்திருக்கிறாள். பூ விழும் சத்தம் எவ்வளவு சின்னது! அவளுடைய ஏக்கம் எவ்வளவு பெரியது என்பதை அந்தச் சின்னச் சத்தத்தால் அளந்து காட்டுகிறார் புலவர். சும்மா இருப்பது என்றால் நான் விளங்கிக்கொண்டது, அந்தளவு கூர்மையாகக் கேட்டுக்கொண்டிருப்பது.

வீட்டில் அமைதியே இல்லை. எங்கே போய் இருப்பது?

அமைதியான இடம் கிடைத்த பிறகுதான் வாசிப்பேன் என்று இருந்தால் அது நடக்காது. விடிய அடுப்பு மூட்டும் நேரத்தில் ஒரு பாட்டைச் சொல்லிக்கொண்டே வேலை செய்கிற அக்கா ஒருவர் எங்களோடு இருக்கிறார். கறிச்சட்டிக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு தாளில் எழுதி ஒட்டியிருக்கிறார், ஒரு கிழமைக்கு ஒரு பாட்டு. வயல் காவலுக்குப் போகிறவர்களுக்கு இரவுகளே இருக்கின்றன. பரணில் இருந்து பன்றிக்கும் யானைக்கும் காவல் இருக்கும் நேரத்தைவிட நல்ல வாசிப்பு நேரம் எது? சங்கப் பாட்டில் தினைக்குக் காவல் இருக்கும் பரணுக்கு இதணம் என்று பெயர். நீங்கள் இருப்பது அதில்தான். கவனம் மட்டும் தேவை, பாட்டில் மூழ்கிக் காவலை மறந்துவிடாதீர்கள்.

பழைய பாட்டுகள் போர்க்கால நினைவுகளைக் கிளறிவிடுமோ என்று பயமாக இருக்கிறது.

கிளறும். இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

குறுந்தொகை 41இல் ஒரு பெண் சொல்கிறாள்: அவர் பக்கத்தில் இருந்தால் திருவிழா நடக்கும் ஊர் போல மகிழ்வேன், அவர் போய்விட்டால் 'மக்கள் போகிய அணிலாடு முன்றில்' போல ஆகிவிடுவேன். ஆட்கள் விட்டுப் போன வீடு, அதன் முற்றத்தில் அணில் விளையாடுகிறது. எழுதியவரின் பெயர் கிடைக்கவில்லை, அந்த வரியை வைத்தே அவரை அணிலாடு முன்றிலார் என்கிறார்கள். நாங்கள் 2009க்குப் பிறகு முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி வந்தபோது கூரை இல்லாத வீட்டுக்கு முன்னால் இரண்டு அணில்கள் ஓடிக்கொண்டிருந்தன. முற்றத்தில் எருக்கலை முளைத்திருந்தது. அந்த நாளைப் பற்றி நான் யாரோடும் கதைத்ததில்லை. கதைக்க வார்த்தை வரவில்லை. பல வருடம் கழித்து இந்தப் பாட்டை வாசித்தபோது, யாரோ ஒருவர் அந்த முற்றத்தை எப்போதோ பார்த்திருக்கிறார் என்று தெரிந்தது. அழுதேன், அதற்குப் பிறகு கதைக்க முடிந்தது.

பாரி மகளிர் பாட்டும் அப்படி. புறநானூறு 112. 'அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவின்' என்று தொடங்குகிறது. அந்த மாதத்து நிலவில் எங்கள் அப்பா இருந்தார், எங்கள் குன்றும் எங்களிடம் இருந்தது. இந்த மாதத்து நிலவில் முரசு கொட்டிய வேந்தர் குன்றை எடுத்துக்கொண்டார்கள், அப்பாவும் இல்லை. ஐந்தே அடி. ஒரு குற்றச்சாட்டும் இல்லை, ஒரு சாபமும் இல்லை. இரண்டு நிலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். இதை நாங்கள் கூட்டத்தில் ஒரு தடவைதான் வாசித்தோம். அன்றைக்குப் பயன் சொல்ல வேண்டியவர் சொல்லவில்லை, யாரும் கேட்கவும் இல்லை. இதைத் திரும்ப வாசிக்க வேண்டும் என்பது என் எண்ணம். வேண்டாம் என்பவர்களும் எங்களுக்குள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது, ஆகவே காத்திருக்கிறோம்.

உங்களுக்கு ஒரு பாட்டுத் தாங்க முடியவில்லை என்றால் மூடி வையுங்கள், எழும்பிப் போங்கள், ஒருவரும் காரணம் கேட்க மாட்டோம். நித்திரை வராத இரவுகள் தொடர்ந்தால், பதற்றம் உடம்பைப் பிடித்துக்கொண்டால், மாவட்ட வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். பாட்டு மருந்துக்குப் பதிலாகாது.

சிலப்பதிகாரத்திலிருந்து ஒன்று மட்டும் சொல்கிறேன். காடுகாண் காதையில் முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டு 'பாலை என்பதோர் படிவம் கொள்ளும்' என்று வருகிறது. பாலைக்கென்று தனியாக ஒரு நிலம் கிடையாது, நல்ல நிலம் துயரப்பட்டால் பாலையாகிவிடும். அதை வாசித்த அன்று, எங்கள் ஊர் எத்தனை தரம் பாலையாகித் திரும்ப முல்லையானது என்று வயதானவர்கள் இருந்து எண்ணினார்கள்.

சிலப்பதிகாரத்தை முழுக்க வாசிக்க எங்கே தொடங்கலாம்?

முப்பது காதை. புகார்க் காண்டத்தில் கால் பதிக்கச் சிரமமாக இருந்தால் வழக்குரை காதையிலிருந்து தொடங்குங்கள். 'தேரா மன்னா' என்று கண்ணகி அரசனை நேருக்கு நேர் கூப்பிடும் இடத்தை வாசித்துவிட்டால், அவள் அங்கே எப்படி வந்தாள் என்று அறிய முன்னால் போகாமல் இருக்க முடியாது.

வன்னியில் இதைக் கதையாக அறியாதவர் குறைவு. முல்லைத்தீவில் கோவலன் கூத்து ஆடிய ஊர்கள் உண்டு. வற்றாப்பளைக் கண்ணகி அம்மன் கோவிலில் வைகாசிப் பொங்கல் நடக்கிறது. சிலாவத்தைத் தீர்த்தக்கரையில் எடுத்த கடல்நீரில் விளக்கு எரிகிறது. மதுரையை எரித்த பிறகு அம்மன் ஒரு கிழவியாக நந்திக்கடற்கரைக்கு வந்து, மாடு மேய்த்துக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் பொங்கிக் கேட்டாள் என்பது எங்கள் ஊர்க் கதை. இதில் ஒரு விஷயம் எனக்கு நெடுநாள் பிடிபடவில்லை. காப்பியத்தில் கண்ணகி மதுரையில் தங்கியது இடைச்சி மாதரியின் வீட்டில். அவளை நம்பி ஏற்றுக்கொண்டதும், தீய குறிகளைக் கண்டு அஞ்சி அவள் பார்க்கக் குரவைக் கூத்து ஆடியதும் ஆயர் குடிதான். எங்கள் கதையிலும் அவள் மாட்டிடையரிடம்தான் வருகிறாள். தனக்குச் சோறு தந்த முல்லை நிலத்து மக்களிடம் அவள் திரும்பி வந்தாள் என்று எடுத்துக்கொள்ள எனக்குப் பிடித்திருக்கிறது.

திருக்குறளை வாசிப்பதில்லையா?

வாசிக்கிறோம், ஆனால் பாடசாலையில் மனனம் செய்த அலுப்புப் போவதற்குக் கொஞ்சக் காலம் வேண்டும். வான்சிறப்பு அதிகாரத்தை மட்டும் ஒவ்வொரு வருடமும் முதல் மழை பெய்த ஞாயிறு வாசிப்போம். கெடுப்பதும் மழை, கெட்டவரை எடுத்து நிறுத்துவதும் மழை என்ற 15ஆம் குறளில் எப்போதும் நின்றுவிடுவோம். வெள்ளத்தில் ஒரு போகமும் வரட்சியில் ஒரு போகமும் இழந்தவர்கள் எங்களோடு இருக்கிறார்கள்.

இது சைவர்களுக்கு மட்டுமா?

இல்லை. மடுமாதா கோவிலுக்குப் போகிறவர்கள், பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள் எல்லாரும் வருகிறார்கள். வீரமாமுனிவரின் தேம்பாவணியிலிருந்தும் உமறுப்புலவரின் சீறாப்புராணத்திலிருந்தும் வாசித்திருக்கிறோம். தேவாரம் வாசிக்கும் நாளில், சுந்தரர் 'பாலாவியின் கரைமேல்' என்று பாடிய திருக்கேதீச்சரம் மன்னாரில் இருக்கிற அதே பாலாவிக் கரை என்று சொன்னால் எல்லாருக்கும் சந்தோஷம்தான். 1977க்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்து அம்மா ஒருவர் குறிஞ்சிப் பாட்டு என்றால் மட்டும் தவறாமல் வருவார். மலையில் மழை இறங்கும் விதத்தை அவர் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம். சமவெளியில் பிறந்த எங்களுக்கு அது தெரியாது.

பிள்ளைகளைக் கூட்டி வரலாமா? பரீட்சைக்கு உதவுமா?

கூட்டி வாருங்கள். பரீட்சைக்கு உதவும் என்று ஆசை காட்டிக் கூட்டி வர வேண்டாம். உதவினால் நல்லது. ஆனால் புள்ளிக்காக வாசித்த பாட்டு, பரீட்சை முடிந்த அன்றே அவர்களை விட்டுப் போய்விடும்.

பிள்ளைகளுக்குப் பொருளை முதலில் சொல்லாதீர்கள். பாட்டில் என்ன மிருகம், என்ன பூ, என்ன சத்தம் வருகிறது என்று தேட விடுங்கள். குறுந்தொகையின் முதல் பாட்டில் வரும் காந்தளைத் தேடி ஒரு கூட்டம் பிள்ளைகள் போய், வேலியில் இருந்த கார்த்திகைப்பூவோடு வந்தார்கள். இரண்டும் ஒன்றுதான் என்று சொன்னதும் ஒரு சிறுமி பாட்டை மறுபடி மறுபடி வாசித்தாள். அப்புறம் அந்தக் கிழங்கு நஞ்சு என்பதையும் சொல்லி, கை கழுவ அனுப்பினோம். போனைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை: வாசிப்பு முடியும்வரை பெரியவர்கள் தங்கள் போனை முதலில் பைக்குள் வைக்கட்டும்.

புத்தகங்கள் எங்கே கிடைக்கும்? எங்களிடம் ஒன்றும் மிஞ்சவில்லை.

யாரிடமும் மிஞ்சவில்லை. இடம்பெயரும்போது அரிசியையும் பிள்ளையையும் தூக்கியவர் புத்தகம் தூக்க முடியாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் போயின. பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு சின்ன நூலகம் போயிற்று.

இப்போது நிலைமை பரவாயில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் சங்க நூல்களின் மூலத்தை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் தளத்தில் உரைகளும் உண்டு. ஈழத்து நூல்களுக்கும் பழைய சஞ்சிகைகளுக்கும் 2005இல் தொடங்கிய நூலகம் தளத்தைப் பாருங்கள். அங்கிருந்து வேண்டிய பாட்டை மட்டும் கையால் கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள். பிரதி எடுத்த தாளைவிடக் கையால் எழுதியது மனத்தில் நிற்கிறது. பிரதேச நூலகத்தில் கேளுங்கள், இல்லாவிட்டால் வாங்கச் சொல்லி எழுத்தில் கொடுங்கள். கேட்க ஆள் இல்லாததால்தான் பல இடங்களில் வாங்குவதில்லை.

ஏட்டிலிருந்து இந்த நூல்கள் அச்சுக்கு வந்ததில் எங்கள் மண்ணுக்கும் பங்கு உண்டு. சிறுப்பிட்டியில் பிறந்த சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் கலித்தொகையைப் பதிப்பித்தார். அவர் அன்றைக்குச் செல்லரித்த ஏடுகளோடு பட்ட பாட்டை நினைத்தால், எங்களுக்குப் புத்தகம் கிடைக்கவில்லை என்று சொல்லக் கூச்சமாக இருக்கும்.

வாசித்து வாசித்து எனக்கும் எழுத வேண்டும் போல இருக்கிறது. எழுதலாமா?

எழுதுங்கள். எதைப்பற்றி என்று கேட்டால், இன்றைக்குக் கண்ணால் கண்டதை. முதலில் பாட்டாக வர வேண்டியதில்லை. எங்கள் கொப்பியில் ஒவ்வொருவரும் எழும்பிப் போகுமுன் ஒரு வரி எழுதுவோம். தண்ணீர் எந்தக் கல்வரை நிற்கிறது, என்ன பறவை வந்தது, காற்று எந்தப் பக்கம். முதல் ஆறு மாதம் எல்லாரும் 'அழகாக இருந்தது' என்றுதான் எழுதினோம். பிறகு அந்தச் சொல் மெல்ல மெல்லக் குறைந்து, நாரையும் நீர்க்காகமும் பட்ட மரமும் வர ஆரம்பித்தன.

சங்கப் புலவர்களில் ஈழத்துப் பூதன்தேவனார் என்று ஒருவர் இருந்தார். குறுந்தொகை, நற்றிணை, அகநானூறு மூன்றிலுமாக அவருடைய ஏழு பாட்டு இருக்கின்றன. பெயரில் ஈழம் இருப்பதால் பிள்ளைகளுக்கு அவர்மேல் தனிப் பிரியம். ஆனால் எழுத நினைப்பவர்களுக்கு நான் சொல்வது பெயர் கிடைக்காத புலவர்களை. அணிலாடு முன்றிலார், ஓரேருழவனார், செம்புலப் பெயனீரார். இவர்களுக்கு அவர்கள் கண்ட ஒரு காட்சிதான் பெயர். செம்மண்ணில் விழுந்த மழைநீர் ஒருவருக்குப் பெயராகியிருக்கிறது. மழை நாளில் கிறவல் ரோட்டால் நடந்துபோய் அந்தச் சிவந்த தண்ணீரைப் பாருங்கள்.

எப்போது வரலாம்? என்ன கொண்டு வர வேண்டும்?

ஞாயிறு பின்னேரம் நாலரைக்குத் தொடங்குவோம். ஒரு கொப்பி, பேனை, இருக்க ஒரு சாக்கு. பொழுது படுமுன் எழும்பிவிடுவோம், அதற்குப் பிறகு யானை தண்ணிக்கு வரும். மார்கழியில் குளம் நிரம்பி வான் பாயும் நாட்களில் குளக்கட்டில் இருக்க முடியாது. அப்போது கோவில் மண்டபத்துக்கு மாறிவிடுவோம், வான் பாயும் சத்தம் அங்கேயும் நன்றாகக் கேட்கும். அறுவடை தொடங்கினால் இரண்டு மூன்று கிழமை ஒருவரும் வரமாட்டோம்.